வலப்பக்கம் நேராக வரும்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், ஏழாவது கிராஸ்.
ஷட்டருக்கு வெளியே மழை.
கம்ப்ரஸரின் வயிற்றிலும் மழைதான்,
குமிழைத் திருகினால்
அரை மக் பழுப்புத் தண்ணீர்.
காற்றில் ஈரம் இருந்தால்
எந்த நாசிலும் என்னோடு பேசாது.
முதல் வேலை இது. டீ பிறகு.

பன்னிரண்டு எம்.எம். தகடு.
விளக்குக் கம்பங்களுக்கு அடித்தட்டு, தொண்ணூற்றாறு.
தட்டுக்கு நான்கு துளை, ஒரு வெளிவிளிம்பு,
ஐந்து முறை பற்ற வேண்டும் தீ.
ஆக நானூற்றெண்பது.
ஓர் எலெக்ட்ரோடு என் கையில் முந்நூறு தாங்கும்,
நான் கோபமாக வந்த நாளில் இருநூற்றைம்பது.
"ரெண்டு செட் வேணும் சார்."
நாகேந்திர ஹெக்டே ஒன்றைத்தான் நீட்டினார்,
எஸ்.பி. ரோட்டில் பாதி விலைக்கு வாங்கியது,
கவரில் எழுத்துப்பிழையோடு.

நாசிலைச் சன்னலுக்கு நேரே பிடித்து
ஒரு கண்ணை மூடினேன்.
துளை வட்டமாக இல்லை.
தூக்கக் கலக்கத்தில் வைத்த பொட்டு மாதிரி
ஓரமாய் இழுத்துக்கொண்டிருந்தது.
இதிலிருந்து புறப்படும் தீ எப்படி நேராய் நிற்கும்?
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

டிராயரில் என் சொந்தப் பெட்டி.
நாற்பத்தைந்து, அறுபத்தைந்து, கலந்து கிடக்கின்றன,
எண்பத்தைந்து என்று பொறித்தது
இரண்டே இரண்டு செட்.
சின்ன வாயில் பெரிய கரண்டைத் திணித்தால்
வாய் வெந்துபோகும்.
பெரிய வாயில் சின்னக் கரண்டோ
கொழகொழவென்று உளறும்,
தகட்டுக்கு ஒன்றும் புரியாது.

சுழல்வளையம், எலெக்ட்ரோடு, நாசில், மூடி, கவசம்.
ஓ-ரிங்குக்குக் கொஞ்சம் சிலிகான் கிரீஸ்,
பளபளப்பு தெரிந்தால் போதும்.
இடுக்கியை வை சுபோத்,
விரலால் திருகு,
ஊறுகாய் பாட்டில் இல்லை இது.

காற்று சுழன்று இறங்குவதால்
வெட்டின் வலப்பக்கம் நேராக வரும்,
இடப்பக்கம் சரியும்.
அதனால் வெளிவிளிம்பைக் கடிகாரத்தோடு ஓட்டுகிறேன்,
துளைகளைக் கடிகாரத்துக்கு எதிராக.
வேண்டியது எப்போதும் தீக்கு வலப்பக்கம்.
சரிவு முழுவதும் விழுந்துபோகிற துண்டுக்கு.
எது தட்டு, எது கழிவு என்பது
புரோகிராமில் ஓர் இலக்கம்தான்.

ஐம்பத்தெட்டாவது தட்டில் சத்தம் மாறியது,
பட்டுத்துணி கிழிவது போய்க் கோணிப்பை கிழிவதாக.
எலெக்ட்ரோடு நடுவில் பதித்த ஹாஃப்னியம்
ஒவ்வொரு பற்றலிலும் ஒரு துணுக்கு கரைகிறது.
குழி ஆழமாக ஆழமாகத் தீ நீள்கிறது,
வோல்ட் ஏறுகிறது,
டார்ச் உயரே போய்விட்டது என்று நம்பும் இயந்திரம்
தலையைத் தாழ்த்துகிறது,
இன்னும் தாழ்த்துகிறது,
தகட்டை முகர்கிறது.

நிறுத்தினேன்.

"இன்னும் ஸ்வல்ப ஓடுத்தம்மா."

கேஜை ஊன்றிக் காட்டினேன், ஒன்றரை எம்.எம்.
அவர் கண்ணாடியைத் துடைத்தார், கேஜைப் பார்க்கவில்லை.
போன வருடம் ஒரு நைட் ஷிப்டில்
இதே வார்த்தைக்குத் தலையாட்டிவிட்டு ஓட்டினேன்.
ஐந்தே பற்றல்.
வெளிச்சம் பச்சையானது.
அழகாகத்தான் இருந்தது, இளம் மாவிலைப் பச்சை.
பச்சை என்றால் எரிவது செம்பு.
டார்ச் தலையே போனது, முப்பத்தெட்டாயிரம்.
அதில் ஆறாயிரம் என் சம்பளத்தில்.

அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.
மெட்ரோ ஒன்று மேலே கடந்து முடியும் வரை
இருவரும் பேசவில்லை.
பிறகு, "மாத்து" என்றார், என்னவோ தான் கண்டுபிடித்தது போல.

எலெக்ட்ரோடு, நாசில் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன்.
ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால்
புதுசும் சீக்கிரம் பழசாகும்.

தொண்ணூற்றாறாவது தட்டின் அடியில் ஒட்டிய கசடு
நகம் பட்டதும் உதிர்ந்தது.
சுபோத் ஒரு போல்ட்டை எடுத்து
நான்கு துளையிலும் மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தான்.
சுத்தியல் கேட்கவில்லை.

கம்பங்கள் ஹொஸ்கோட்டே பக்கம் எங்கோ நிற்கப்போகின்றன.
டிராயரில் இனி எண்பத்தைந்து இல்லை.
டெலிவரி சலானின் பின்பக்கம் எழுதி
அவர் மேஜை மேல் வெயிட் வைத்துவிட்டு வந்தேன்:

85 ஆம்ப். நாலு செட். ஒரிஜினல்.
கீழே இரண்டு கோடு.
— ஜெபக்கனி