முள்ளூருக்குக் கீழே

இரண்டு பத்துக்குக் கோத்தகிரியில் எடுக்கிற வண்டி.
டிக்கெட் மெஷினுக்குக் குளிர் ஆகாது.
இரண்டு தட்டு தட்டி
கொஞ்ச நேரம் அக்குளில் வைத்தால்
ஒரு சீட்டைக் கக்கும்,
அதிலும் ஊர்ப்பெயர் பாதி.

பின்சீட்டில் ஒரு பையன்.
அவன் போனுக்குள் யாரோ
கால் நிமிடத்துக்கு ஒருமுறை வழுக்கி விழுகிறார்கள்.
ஒவ்வொரு முறையும் அதே சிரிப்பு.
"தம்பி, ஹெட்செட் இல்லையா?"
"இருக்குண்ணா. அதுல சார்ஜ் இல்ல."

டானிங்டனில் ஏறிய அம்மாள்
என் கழுத்தில் தொங்கும் கட்டம்போட்ட அட்டைக்கு
போனைக் காட்டுகிறாள்.
வண்டி ஆடுகிறது, அட்டை ஆடுகிறது,
நான் மூச்சைப் பிடித்து நிற்கிறேன்
எக்ஸ்ரேக்கு நிற்பதுபோல.
"போயிடுச்சுங்க" என்கிறாள்.
"வரலீங்களே" என்கிறேன்.
போனதற்கும் வராததற்கும் நடுவில்
ஐம்பத்திரண்டு ரூபாய்
எந்த மேகத்துக்குள் நிற்கிறதோ.

எல்லாரும் இப்படிக் கட்டுவதால்
என் பையில் சில்லறை சேர்வதில்லை.
அரவேணுவில் ஏறிய சாம்பல் ஸ்வெட்டர்காரர்
ஐம்பது ரூபாய்த் தாளாய்த் தந்தார்.
சீட்டின் பின்னால் 3 என்று எழுதிக் கொடுத்தேன்.
அவர் பார்க்கவில்லை.
வர்க்கியைக் கடிக்கப்போவதுபோல்
போனை வாய்க்கு நேரே பிடித்து
ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார்.

பேசியது தங்கச்சி புஷ்பராணி.
கேட்டது நாங்கள் நாற்பத்தோரு பேர்.
கேஸ் பதிய முடியவில்லை,
நம்பர் திருப்பூரில் இருக்கிற மகன் போனுக்குப் போகிறதாம்,
அவன் ஷிப்டில் எடுக்கமாட்டானாம்.
கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓடவில்லையாம்.
சிவலிங்கத்தை மூணு மாடி நடத்திக் கூட்டிப்போனாளாம்.
டோக்கன் எண்பத்துநாலு.
காலையில் இட்லிகூட இறங்கவில்லை மனுஷனுக்கு.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்" என்றேன்.
"சிக்னல் சரியில்லைங்க" என்று
இன்னும் உரக்கப் பேசினார்.
ஜன்னலோரத்தில் ஒருவர் நாக்கைச் சொடுக்கினார்.

"உள்ள கூப்டுட்டாங்கண்ணா.
ரிப்போர்ட் வந்திருச்சு.
டாக்டர் பாத்துட்டு என்ன சொல்றாருன்னா —"

முள்ளூர் தாண்டிய வளைவு.

"ஹலோ" என்றார்.
நான் எண்ணினேன், பதினோரு ஹலோ.
கடைசி ஹலோவில் கேள்வியே இல்லை.

ஆறு வருஷமாய் இந்த ரூட்டில்
நான் வேண்டிக்கொண்டது இந்த அமைதியைத்தான்.
வந்தது.
உட்கார முடியவில்லை என்னால்.

வழுக்கி விழுகிறவர்கள்
பாதி விழுந்தபடி நின்றுவிட,
பையன் போனைப் பையில் போட்டான்.
"என்னுது வேற கம்பெனிங்க,
ஒரு கோடு காட்டுது, இதுல பேசிப் பாருங்க"
அம்மாள் எழுந்து நீட்டுவதற்குள்
அந்தக் கோடும் போயிற்று.
டிரைவர் பெள்ளி
எதிரே வந்த லாரிக்கு
அவராகவே ஒதுங்கி வழிவிட்டார்.
அதுவே ஒரு செய்தி.

பலா வாசனை. மூங்கில். இன்னொரு வளைவு.

குஞ்சப்பனை செக்போஸ்டில்
எல்லாப் போனும் ஒன்றாய்க் கத்தின.
லோன் வேண்டுமா, வேலிடிட்டி முடிகிறது,
அம்மாளின் ஐம்பத்திரண்டு ரூபாய் அவளிடமே திரும்பியது.
அவர் போனும் அடித்தது.

நிமிர்ந்தார்.
அப்போதுதான் எங்களைப் பார்த்தார்,
அத்தனை முகங்களையும்.
ஸ்பீக்கரை அணைத்தார்.
போனைக் காதில் வைத்து
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ம்."
"ம்."
கண்ணாடியில் மூச்சு படிந்தது.
"சரிம்மா."

இதைத்தானே சொன்னோம்,
மற்றவர் காதில் விழாமல் பேசு என்று.
பேசிவிட்டார்.
எங்களுக்குக் கோபம் வந்தது.
"என்னவாம்ணா?" என்று பையன் கிசுகிசுத்தான்.
எனக்கென்ன தெரியும்.

மேட்டுப்பாளையத்தில் கூட்டத்தோடு இறங்கிவிட்டார்.
பெள்ளியிடம் கேட்டு
மூன்று ரூபாய் புரட்டிக்கொண்டு ஓடினேன்.
பாக்கி கொடுக்க ஆள் பின்னால் ஓடியது
என் சர்வீஸில் அன்றுதான்.

"சார், உங்க மீதி."
வாங்கிக்கொண்டார்.
நான் நகரவில்லை.
"வேற... ஒண்ணும் இல்லீங்களே?"

அவர் குனிந்து
கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார்,
தோளைத் தொட்டுப் பார்த்தார்.
"இல்லைங்க. எல்லாம் எடுத்துட்டேன்."