ஒன்றிலிருந்து ஐந்து வரை

வூச் நகரத்தின் தெற்கு முனையில்
ஆறு மருத்துவமனைகளின் அழுக்கைத் துவைக்கிறோம்.
'துவைக்கிறோம்' என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.
நான் மாடியில் இருப்பவள்,
கேள்வித்தாள் தயாரிப்பவள்.

'உற்சாகத்தோடு வேலைக்கு வருகிறீர்களா?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடவும்.'
அறுபத்திரண்டு தாள்கள் கீழே போயின.
அறுபத்திரண்டும் திரும்பின.
எல்லாவற்றிலும் மூன்று.
ஒரே பேனா கைமாறியிருந்தது,
மை தீர்ந்துகொண்டே வந்தது தெரிந்தது.

வார்சாவிலிருந்து ஆலோசகர் வந்தார்.
மூன்றை நான்காக்கலாம் என்றார்.
வெள்ளிக்கிழமைகளில் பீட்சா வந்தது.
சுவரில் ஒரு சட்டம் வந்தது:
மாதத்தின் சிறந்த ஊழியர்.
பிப்ரவரியில் வியெஸ்வாவாவின் முகம்.
அவள் அதன்மேல்
ஈரக் கையுறையைக் காயப்போட்டாள்.
கேட்டதற்கு,
'ஆணி உறுதியாக இருக்கிறது' என்றாள்.

மார்ச்சில் ஓர் இரவு
பதினோரு பேர் காய்ச்சலில் படுத்தார்கள்.
'யாராவது இறங்கி வாருங்கள்'
போகுமிவ் தொலைபேசியில் கத்தினான்.
இறங்கினேன்.

இஸ்திரி உருளையின் வாயிலிருந்து
விரிப்பு வரும்.
முனை பிடி, உதறு, மடி,
அடுத்தது வந்துவிட்டது.
நான்காவது நிமிடத்தில் விரல்நுனி எரிந்தது.
நாற்பதாவதில் கண்ணுக்குள் உப்பு.
எதிர்முனையில் வியெஸ்வாவா;
முன்பின் தெரியாத நோயாளி ஒருவரின் விரிப்புக்கு
நாங்கள் இரண்டு ஓரங்கள்.
பேச முடியாது, இயந்திரம் விடவில்லை.
தலைக்குமேல் ஒரு ஜன்னல்.
திறக்கலாமே என்று சைகை காட்டினேன்.
அவள் சிரித்த சிரிப்பை
எந்த எண்ணில் வட்டமிடுவது?

கைப்பிடி உடைந்து நான்கு ஆண்டுகள்.
நான்கு விண்ணப்பங்கள்.
கடைசியானதைக் கோப்பில் தேடி எடுத்தேன்:
'பரிசீலனையில்.'
கீழே என் கையெழுத்து,
அழகாக.

டிராம் நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில்
பதினெட்டு ஸ்லோட்டி.
போகுமிவ் திருகினான்.
குளிரும்
எங்கோ ஒரு நாய் குரைப்பதும் உள்ளே வந்தன.
யாரும் நன்றி சொல்லவில்லை.
நான்கு ஆண்டுக் கடனில்
வட்டியை விழுங்கிவிட்டு
அசலை மட்டும் நீட்டியவளுக்கு
எதற்கு நன்றி?

ஜூனில் மறுபடி தாள்கள்.
வியெஸ்வாவா எண்களின் குறுக்கே கோடு இழுத்து
எழுதியிருந்தாள்:

'இரண்டாவது ஜன்னலும்.
மூன்றாம் உருளை இடப்பக்கம் இழுக்கிறது.
பெல்ட் தளர்ந்திருக்கிறது.
எனக்குச் சரிசெய்யத் தெரியும்.
யாரும் கேட்டதில்லை.
பீட்சாவில் காளான் வேண்டாம்.'

பின்பக்கமும் நிரம்பியிருந்தது.
ஓரத்தில் பென்சிலால் பெல்ட்டின் படம்,
பற்கள் எண்ணி வரைந்தது.

அவளுடையதைப் போல இன்னும் இருபத்தாறு.
சிலவற்றில் வசவு,
எழுத்துப்பிழையோடு, மனதார.

ஆலோசகருக்கு அனுப்பும் படிவத்தில்
'சராசரி' என்ற கட்டம் காலியாகவே கிடக்கிறது.
இன்று மாலை ஐந்துக்குள் நிரப்ப வேண்டும்.
மணி நாலே முக்கால்.
நான் கீழ்த்தளத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்:
'வியெஸ்வாவா,
பெல்ட் என்ன அளவு?'