காலாண்டு

தூர்குன் வேலை செய்யும் அறையில்
சன்னல் இருக்கிறது, பகல் இல்லை.
வட நோர்வேயின் டிசம்பர்.
பதினொரு மணிக்கு மலைமேல் ஒரு நீலம் எட்டிப் பார்க்கும்,
ஒன்றரைக்கெல்லாம் போய்விடும்.

நாட்டின் மருத்துவமனைகள் அனுப்பிய
இரத்தக்குழாய் அறுவைகள் எல்லாம்
அவள் திரையில் வந்து வரிசையாய் உட்காருகின்றன.
வயிற்றைத் திறந்து செய்தது ஒரு நிறம்.
தொடையில் துளையிட்டு வலைக்குழாய் செலுத்தியது வேறு நிறம்.
கழுத்துத் தமனி. கால் அடைப்பு.
முழங்காலுக்கு மேலே. முழங்காலுக்குக் கீழே.
(இந்த மேலும் கீழும்
வெட்டிய இடங்கள்.)

பத்து வருடத்தில் திறந்த வயிறு இறங்குகிறது,
துளை ஏறுகிறது.
ஒற்றைப் பாலத்தில் எதிரெதிரே வந்த லாரிகள் போல
ஓரிடத்தில் உரசாமல் கடக்கின்றன.
ஆஸ்லோவிலிருந்து வரும் மேலாளருக்கு அந்த இடம் பிடிக்கும்.
"முதல் பக்கத்தில் போடுங்கள்" என்பார்.

வெடித்த தமனி வீக்கம், அதுவும் இறங்குமுகம்.
மக்கள் சிகரெட்டை விட்டார்கள்.
வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில்
சின்ன வீக்கங்கள் முன்கூட்டியே மாட்டிக்கொண்டன.
நல்ல காரணங்கள். இரண்டையும் எழுதினாள்.

பிறகு பதினேழாம் எண்.
கடலோரத்துச் சிறிய மருத்துவமனை.
ஒரு வருடம் ஒன்பது, அடுத்து எட்டு, மறுபடி ஒன்பது,
அப்புறம் வெறும் பூஜ்யங்கள்.
பிரிவை மூடி
இருநூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளிச் சேர்த்துவிட்டார்கள்.
நிறையச் செய்யும் கை தவறாது என்பது வாதம்.
வாதம் சரிதான்;
அதற்கான எண்களைக் கூட்டிக் கொடுத்தவளே தூர்குன்தான்.

ஆனால் அந்த ஒன்பதும்
பெரிய மருத்துவமனையின் கணக்கில் ஏறியிருக்க வேண்டும்.
ஏறியது ஐந்து.

மீதி நாலு பேர் நன்றாக இருக்கலாம்.

போன செவ்வாய் ஒரு பெண் தவறான இணைப்பில் வந்தாள்.
பெயர் சூல்பியோர்.
கணவர் ஹால்வாருக்குக் கொடுத்த தேதியை ரத்து செய்யவேண்டுமாம்.
பனிப்புயல், விமானம் எழவில்லை,
முதுகுவலிதான் என்று சொல்லிக்கொண்டு
சமையலறை நாற்காலியிலேயே இருந்தார்,
ஓடுபாதை விடிந்துதான் திறந்தது என்றாள்.
படிவம் காரணம் கேட்டது.
"பிற" என்று ஒரு கட்டம் இருந்தது.

அறுவை மேசை வரை வராதவருக்குக் குறியீடு இல்லை.
நலமானவர்கள் குறைத்த கோடும்
வந்துசேராதவர்கள் குறைத்த கோடும்
ஒரே பச்சையில்தான் இறங்குகின்றன.

வெள்ளிக்கிழமை காலாண்டு அறிக்கை போக வேண்டும்.
அவள் மொழியில் அந்தச் சொல்லுக்குள் கால் கிடையாது.
என் மொழியில் இருக்கிறது, என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.
இந்தக் காலாண்டில், முழங்காலுக்குக் கீழே, அறுபத்தொன்று.
போன காலாண்டிலும் அறுபத்தொன்று.
நிலையாக உள்ளது என்று எழுதவேண்டும் அவள்.
நிலை:
நிற்கிறவர்களிடமிருந்து எடுத்த சொல்.

கடைசியில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தாள்,
மிகச் சிறிய எழுத்தில்:
"இக்கோடு வந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது."
முதல் பக்கத்தில் அதற்கு இடம் போதவில்லை.
வரைபடத்தை அரை சென்டிமீட்டர் சுருக்கினாள்.
லாரிகள் கொஞ்சம் நெருங்கின.

சன்னலில் நீலம் வந்திருந்தது.
அவள் பதினெட்டாம் எண்ணுக்குப் போயிருந்தாள்.