நூற்று எண்பதாவது நாள்

நூற்று எழுபத்தொன்பது நாள் நான் ஊழியர்.
நூற்று எண்பதாவது நாள் ஒருத்தியுமில்லை.
மறுநாள் காலை எட்டேகாலுக்குப்
புதுக் கடிதத்தோடு புதிதாய் வந்து சேர்வேன்.
முன் அனுபவம் என்ற கோட்டில்
ஒன்றும் எழுதத் தேவையில்லை என்பார்கள்.
ஆறு வருசம்.
நடுவில் மகள் பிறந்தாள், இரண்டு கடிதங்களுக்கு இடையில்.
அந்த இடைவெளி மட்டும் மூன்று மாதம்.

"தொடர்ச்சி இருந்தால் உரிமை வந்துவிடும், நங்கி."
தாபனக் கிளை குணதிலக்க மாத்தயா
காய்ச்சலுக்குக் காரணம் சொல்லும் டொக்டர் போலச் சொன்னார்.
"ஒரு நாள்தானே. காலிமுகத்திடல் போய்க்
காற்று வாங்குங்கள்."

காற்று வாங்கவில்லை.
கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறித்
தும்முல்லையில் இறங்கினேன்.
கால் பழக்கம் என்று சொன்னால் பொய்.
வீட்டில் மாமியார் இருந்தார்.

கேற்றில் சோமதாச. ஆறு வருசமாய்
என் குடையைத் தன் அறையில் காயவைப்பவர்.
முகத்தைப் பார்க்காமல்
பார்வையாளர் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.
பெயர். அடையாள அட்டை இலக்கம்.
வந்த நோக்கம்.
பேனை கொஞ்சம் நின்றது.
வாசிப்பு, என்று எழுதினேன்.
இத்தனை நாளில் இங்கே உட்கார்ந்து
ஒரு பக்கம் முழுதாய் வாசித்ததில்லை என்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் மாடி, தமிழ்ப் பகுதி.
அனுமதிக்கப்பட்ட ஆளணி மூன்று.
ஒருவர் மெல்பேர்னில், சம்பளமில்லா லீவில்.
அவரது கார்டிகன் மட்டும் கதிரையில்
ஒழுங்காய்க் கடமை செய்கிறது.
ஒருவர் பென்சனில் போனார்; அவர் இடத்தை
ஒரு சுற்றறிக்கை மூடிவிட்டது, மும்மொழியிலும்,
தமிழில் இரண்டு எழுத்துப்பிழையோடு.
மூன்றாவது யாருடையது என்று கேட்டால்
கோப்பைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.
நான் எண்ணிக்கையில் இல்லை.
நான் 'தூசு தட்டல், ஏற்றி இறக்கல்'.

வெற்றிடம் என்று எழுதுகிறார்கள்.
எனக்கு அந்த வெற்றிடத்தைத் தெரியும்.
அதற்கு ஒரு மேசை, சத்தம் போடும் மின்விசிறி,
பட்டியலிடாத பதினாறு பெட்டி.
இறந்துபோன ஒரு பேராசிரியர் வீட்டிலிருந்து வந்தவை.
ஏற்றி இறக்கியது நான்.
மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாய்ப் பிரித்துத்
தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று
மகளின் பழைய கொப்பியில் பென்சிலால் எழுதியதும் நான்.
கணினிக்குப் போனது இதுவரை இரண்டு பெட்டி,
சமன்மலீ மிஸ்ஸின் கையொப்பத்தில்.
ஒவ்வொரு முறையும் வெட்கப்படுவார்.
பால் டொபி கொண்டுவருவார். நல்ல பெண்.

இன்று நான் வாசகர் கதிரையில்.
விரித்திருந்தது பேப்பரின் வேலைவாய்ப்புப் பக்கம்.

பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை வந்தாள்,
மஸ்கெலியாப் பேச்சு, இறுதியாண்டு.
துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் பழைய அறிக்கை ஒன்று,
நாற்பதுகளில் அச்சிட்டதாம், இருக்கிறதா?
கவுண்டரில் லஹிரு தட்டிப் பார்த்தான்.
கணினிக்கு அந்தப் பெட்டியைத் தெரியாது.
லஹிருவுக்குத் தமிழ் தெரியாது.
அவன் என் பக்கம் பார்த்தான், பிறகு
பார்க்கக் கூடாது என்று நினைத்தவன் போல மேசையைப் பார்த்தான்.

ஏழாவது பெட்டி. பச்சை அட்டை.
மூலையில் பூச்சி தின்ற பிறை.
எழுந்தால் அது வேலை.
வேலை என்றால் தொடர்ச்சி.
தொடர்ச்சி என்றால், குணதிலக்க மாத்தயா,
நீங்கள்தானே சொன்னீர்கள்.

எடுத்து வர நாலு நிமிசம்.
"இன்றைக்கு நீங்கள் இல்லையே, அக்கா."
"இல்லைதான். பதிவேட்டைத் தா."
நூலின் பெயர், பிள்ளையின் பெயர், திகதி.
எடுத்துக் கொடுத்தவர் என்ற கோட்டில்
மரியதாஸ் ஜெசிந்தா,
இனிஷியலாய்ச் சுருக்காமல்.
நேரமும் போட்டேன். அதற்கு அங்கே கோடு இல்லை.

பிறகு அந்தப் பக்கத்தைப் பிரதி எடுக்கப் போனேன்.
ஊழியருக்கு இலவசம்.
பத்து ரூபாக் குத்தியை மேசையில் வைத்து
ரசீது கேட்டு வாங்கினேன்.
அதில் 'வெளியார்' என்று அடித்திருந்தது.
இரண்டையும் ஒன்றாய் மடித்தேன்.