பல்லைப் பிடித்துப் பார்த்தல்

விண்ணப்பத்தில் ஆறாவது கேள்வி:
இங்கே வராவிட்டால்
இந்தக் கோடையை எப்படிக் கழிப்பாய்?
மூன்று பொய்களை எழுதி எழுதி அழித்தேன்.
கடைசியில்
பெட்ரோல் பங்குக்குப் பின்னாலிருக்கும் ஐஸ்கிரீம் கடை,
மணிக்குப் பன்னிரண்டு டாலர் என்று எழுதினேன்.
அந்தச் சம்பளத்தையும் நாங்களே தருகிறோம், வா
என்று பதில் வந்தது.
அம்மா கடிதத்தை
விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்,
கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல.

நெப்ராஸ்காவிலிருந்து இரண்டு பேருந்து, ஒரு விமானம்.
ஏரிக்கு மேலே கல்வீடு.
பதினேழு பேர், ஆறு வாரம்.
சாப்பாடு இலவசம், படுக்கை இலவசம்,
புத்தகம், பென்சில், பென்சில் சீவும் கருவி.
துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மட்டும்
கால் டாலர் காசுகள் போட வேண்டும்.
அந்தச் சின்னத் துளையைப் பார்த்தபோதுதான்
மூச்சு சீரானது எனக்கு.

காலையில் மூன்று மணி நேரம் நீள்வட்ட மேசை.
இந்த வருஷத்துப் பொருள்: கடன்.
'ஆகவே' என்ற சொல்லைக்
கதவின் கைப்பிடிபோலத் திருகித் திறந்து
உள்ளே போய்விடுகிற பிள்ளைகள்.
நான் வராந்தாவிலேயே நின்றேன், ஒரு வாரம்.
எட்டாம் நாள்
"இல்லை" என்றேன்.
பதினாறு தலைகள் திரும்பின.
அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை.
செயின்ட் பாலிலிருந்து வந்த பா நியா
தன் குறிப்பேட்டில்
'யரெலி: இல்லை' என்று எழுதி
அடிக்கோடிட்டாள்.

சாப்பாட்டு அறைச் சுவரில்
ஆல்டன் வெர்னெக், எண்ணெய் ஓவியமாக.
வீட்டையும் பணத்தையும் தந்துவிட்டுச் செத்தவர்.
ரயில் பெட்டிகளுக்கு ஐஸ் கட்டி விற்றார்
என்கிறது பித்தளைத் தகடு.
எது கெட்டுப்போகாமலிருக்க என்று சொல்லவில்லை.

ஞாயிறு இரவு வீட்டுக் கூட்டம்.
பாத்திரம் கழுவும் முறை,
வேர்க்கடலை வெண்ணெயைத் தீர்த்தது யார்,
பிறகு சோலாஞ்ச் எழுந்து சொன்னாள்:
இவர் பார்த்துக்கொண்டிருக்க
என்னால் சாப்பிட முடியவில்லை,
படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவோம்.
க்வின்டன் கேட்டான்:
தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?
எல்லோரும் சிரித்தார்கள்.

என் அம்மாவின் வேலை அதுதான்.
கொக்கியில் தொங்கி வரும் தலையின்
தாடையைப் பிளந்து
முப்பது மாதம் தாண்டியதா என்று
பல்லைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.
மணிக்கு முந்நூறு தலை.
தானமாக வந்தது ஒன்றுகூட இல்லை.

ஒன்பதுக்கு ஏழு.
நான் கை தூக்கவில்லை, எந்தப் பக்கமும்.
படத்தைத் திருப்பினார்கள்.
பின்பக்கப் பலகையில் பென்சில் எழுத்து,
வருஷத்துக்கு ஒரு கை:
1998, பத்துக்கு ஆறு.
2004, எட்டுக்கு எட்டு, மறுபடி வோட்டு.
2011, ஏகமனதாக.
ஒவ்வொரு கோடையும் யாரோ திருப்பியிருக்கிறார்கள்.
ஒவ்வொரு குளிர்காலமும்
யாரோ நேராக்கி மாட்டியிருக்கிறார்கள்.
சோலாஞ்ச் உட்கார்ந்துவிட்டாள்.
"நம்ம கோபமும் இலவசத்துல சேர்த்தியா?"
பதிலில்லை.
கொஞ்ச நேரம் கழித்து
யாரோ பென்சில் கேட்டார்கள்.

இரவு இரண்டு மணி.
துணி சுழன்றுகொண்டிருந்தது.
நாற்காலி போட்டு ஏறி
அவரை மறுபடி என் பக்கம் திருப்பினேன்.
மன்னிப்பதற்காக இல்லை.
மூடிய உதடு. மீசை.
ஓவியன் பல்லே வரையவில்லை.
கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன்,
வண்ணம் மேடு தட்டிக் கிடந்தது.

விடிந்ததும் அம்மாவிடமிருந்து போன்.
ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.
அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்றாள்.
மாட்டைப் பற்றி என்றேன்.
கையுறை மாட்டும் சத்தம்.
"அதுக்கா அவ்வளவு தூரம் போனே?"

கீழே சாப்பாட்டு அறையில்
பதினாறு குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன,
திருப்பினது யார்.
நான் படியிறங்கினேன்,
ஈரத்துணி இன்னும் கையில்.