எழுபத்தேழரை

எங்கள் ரொடோப்பி மலையில் நோய்கள் எழுபத்தேழரை.
மூலிகைகளும் எழுபத்தேழரை.
அந்த அரை நோய்க்குப் பெயரில்லை.
அதற்கான செடியை எனியோவ் நாள் விடியலில்
கண்ணைக் கட்டிக்கொண்டு பறிக்க வேண்டும் என்பார்கள்.

ருமெனாவுக்கு வந்ததற்குப் பெயர் இருந்தது.
ப்ளோவ்திவ் மருத்துவமனைத் தாளில்
ஒரு வரியில் அடங்காமல் மடிந்து இறங்கிய பெயர்.
ருமெனா என்றால் கன்னம் சிவந்தவள்.
அந்த மாதம் முழுக்க
தாழ்ந்த குரலில்தான் அவளைக் கூப்பிட்டேன்.

தினம் ஒரு மாத்திரை,
சாப்பாட்டோடு, பெரிய தம்ளர் தண்ணீரோடு.
மூன்று மாதத்தில் எண்கள் இறங்கின.
கூடவே அவளும் இறங்கியதை
எந்தத் தாளும் சொல்லவில்லை.
சன்னலோரம் உட்கார்ந்து
மர அறுவை மில்லின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜூனில் மலையேறினேன்.
மஞ்சள் பூ. மொட்டை நசுக்கினால் விரலில் சிவப்புக் கசியும்.
மனச்சோர்வுக்கு அதுதான் என்று
இங்கே மேய்கிற ஆட்டுக்கும் தெரியும்.
சிவப்பைப் பார்த்ததும் நானாகக் கூட்டிக்கொண்டேன்:
ரத்தத்துக்கும் நல்லதாகத்தான் இருக்கும்.

காலை ஒரு கோப்பை, இரவு ஒரு கோப்பை.
ஆகஸ்டில் அவள் சண்டை போட்டாள்,
குடைமிளகாயை நான் கருக விட்டதற்கு,
முழுசாகப் பத்து நிமிடம்.
அன்றைக்கு நான்தான் ஊரிலேயே பணக்காரன்.

செப்டம்பரில் எண்கள் ஏறின.

டாக்டர் கெர்ஜிகோவா கண்ணாடியைக் கழற்றினார்.
மாத்திரை தவறியதா? இல்லை.
வேறு ஏதாவது?
நான் கூரையைப் பார்த்தேன். ருமெனா என்னைப் பார்த்தாள்.
"டீ," என்றாள். "இவர் போடுவது."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
அந்தப் பூ ஈரலைத் தட்டி எழுப்பிவிடுமாம்.
எழுந்த ஈரல்
வந்த வேலை முடியும் முன்பே
மாத்திரையை வாசலுக்கு வெளியே தள்ளிவிடுமாம்.
விஷமில்லை,
விருந்தாளி கைகழுவுமுன் இலையை எடுக்கிற
சுறுசுறுப்பு.

வீட்டில் இருக்கிற செடியெல்லாம் எழுது என்று
ஒரு தாளை நகர்த்தினார்.
நாற்பத்தொன்று எழுதினேன், இரண்டு பக்கமும்.
பலவற்றுக்குக் கேள்விக்குறி. சிலவற்றின் மேல் கோடு.
லிண்டன் பூவை மட்டும் விட்டுவைத்தார்.
அவள் மனதைப் பார்க்க இன்னொருவர் பெயரை
ஓரத்தில் கிறுக்கினார்.
இத்தனை நாள் அதைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

இரவு. சூப்புக்குப் பிறகு மாத்திரை.
"அந்த அரைச் செடியை எழுதினாயா?"
பெயர் தெரிந்தால்தானே.
தம்ளரை நிரப்பி நீட்டினேன்.
"கண்ணை மூடு," என்றாள்.
மூடினேன்.
அவள் விழுங்கும் சத்தம் கேட்டது.
திறந்தபோது தம்ளரில் பாதி மிச்சம்.

முழுசும் குடி என்றேன்.