இறக்கம்

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு.
ரிக் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் ஜிம்.
கீழே போர் போடும் பிட்டுகள், மேலே டம்பெல்கள்.
இரண்டிலும் ஒரே இரும்பு வாசம்,
மேலே கொஞ்சம் வேர்வை கூட.

மழைக்காலம். ராய்ப்பூரிலிருந்து வந்த வண்டி
பதினெட்டு நாளாய்ப் பட்டறையில் நிற்கிறது.
நான் கண்ணாடி முன் நிற்கிறேன்.

எனக்கு இரண்டு ஆள் கை.
வலது, ஜன்னல் பக்கத்துக் கை,
பதினோரு வருஷ வெயில் குடித்துக் கறுத்தது.
இடது, கியர் போட்ட கை. வெளுப்பு.
"பேருக்கேத்த உடம்புங்ணா" என்றான் நிதர்சன்.
என் பேர் அர்த்தனாரி.
மலைமேல் இருக்கிறவர் மன்னிக்க வேண்டும்.

முதல் நாள் பதினைந்து கிலோவைத் தூக்கினேன்.
தூக்கினேன் என்பது பொய்.
இடுப்பைத் தள்ளி, முதுகை வளைத்து, தோளை எறிந்து,
சேற்றில் மாட்டிய வண்டியை எடுப்பதுபோல்
ஆட்டி ஆட்டி ஏற்றினேன்.
"கையைத் தவிர எல்லாம் வேலை செஞ்சுதுங்."
பதினைந்தை வாங்கி வைத்துவிட்டு
ஏழரை கிலோவைக் கொடுத்தான்.
ஏழரை!
பிடித்தது அன்றைக்குத்தான்.

அன்றைய பேப்பரை நாலாய் மடித்து
முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே செருகினான்.
"விழுந்தா மறுபடி ஒண்ணுலிருந்துங்."
விழுந்தது.
குனிந்து எடுக்கையில் நாமக்கல் முட்டை விலை படித்தேன்.
நாலாம் தடவை விழுந்தபோது
விலை மனப்பாடம்.

மெல்ல மெல்ல முழங்கை கீலாயிற்று.
கதவு மட்டும் திறந்தது, நிலை அசையவில்லை.
மணிக்கட்டு மடங்காமல்,
மூச்சை வெளியே விட்டபடி,
மேலே கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்தினேன்.
பெருமையாக இருந்தது.
அப்புறம் தொப்பென்று கீழே விட்டேன்.

"ஏனுங்ணா,
திம்பம் இறக்கத்துல நியூட்ரல்லயா வருவீங்க?"

தொழிலைத் தொட்டுவிட்டான்.
இருபத்தேழு வளைவு.
சாம்ராஜ்நகரில் போர் முடித்து,
முதுகு நிறைய ராடு ஏற்றி,
ரெண்டாம் கியரில் எஞ்சின் முனக முனக,
பிரேக்கில் கால் பட்டும் படாமலும்
வண்டியை இறக்கியவன் நான்.
பின்னால் வந்த கார்க்காரன் ஆரன் அடித்துத் திட்டினான்.
திட்டட்டும் என்று இறக்கியவன்.
ஏழரை கிலோவை மட்டும் எப்படிக் கைவிட்டேன்?

"கை வளர்றது இறக்கத்துலதானுங்.
மூணு எண்ணுங்க."

வீட்டில் போய்ச் சொன்னேன்.
"இதுக்குக் காசு வேற கட்டறீங்களா?"
மேகலா இருபது லிட்டர் தண்ணிக் கேனைத் தூக்கினாள்.
முழங்கை விலாவில் ஒட்டியிருந்தது. முதுகு நேர்.
ஸ்டாண்டில் இறக்கி வைத்தாள்,
தண்ணிகூடத் தளும்பவில்லை.
"நீங்க ராய்ப்பூர்ல இருக்கறப்போ
யாரு இறக்கி வெச்சதுன்னு நெனச்சீங்க?"
நான் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு இடது கையில் ஒன்பதாவது.
எடை மேலே நிற்கும்போது
பாக்கெட்டில் போன் அதிர்கிறது.
முதலாளியாகத்தான் இருக்கும்.
ராய்ப்பூரில் மழை விட்டிருக்கும்.
மூணு.
கை நடுங்குகிறது, கறுத்த கைக்குத் தெரியாத நடுக்கம்.
ரெண்டு.
போன் நின்று, மறுபடி அடிக்கிறது.
பேப்பர் இன்னும் விழவில்லை.